தொடர்நாடக மாந்தரும் காண்போர் மெய்ப்பாடும்

நாடகம் ஆடுவோரால் மட்டும் நிறைவுறும் கலையன்று. காண்போர் உள்ளத்திற் சென்று பதிந்த பின்னரே அது நாடகம் என்னும் பெயருக்கு முழுதும் உரியதாகின்றது. இவ்வுண்மையைக் கற்றோர் யாவரும் ஒப்புக்கொள்வர். எனினும், கூத்தையும் மேடை நாடகத்தையும் பற்றிப் பேசுமிடத்துக் காண்போரின் கண்ணீரைப் போற்றுகின்ற அவர்களே, தொலைக்காட்சித் தொடர்நாடகங்களைப் பற்றிப் பேசுமிடத்து அதே கண்ணீரை எள்ளி நகையாடுகின்றனர். "அழுமூஞ்சி நாடகம்" என்ற ஒரு சொல்லோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. அச்சொல் நாடகத்தை மாத்திரம் இகழ்வதாயின் அதனை ஒரு திறனாய்வுக் கருத்தாகக் கொள்ளலாம். பெரும்பாலும் அது நாடகத்தைக் கண்டு அழுபவரையே இகழ்வதால் நின்று ஆராய வேண்டியதாயிற்று.

கொழும்பு மாநகரிற் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே சென்னைத் தொடர்நாடகங்கள் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்தது. 1999ஆம் ஆண்டு தொடங்கி 2001வரை நிகழ்ந்த "சித்தி", 2002 முதல் 2005வரை நிகழ்ந்த "மெட்டி ஒலி", 2003 முதல் 2009வரை நிகழ்ந்த "கோலங்கள்", 2022 முதல் 2024வரை நிகழ்ந்த "எதிர்நீச்சல்" என்பன அவற்றுட் சில. சரோஜா, அபி, ஜனனி என்னும் பெயர்கள் அயல்வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போல இவ்வூர்களில் வழங்கியிருக்கின்றன. ஜம்பட்டா வீதியில் மரக்கறி வாங்க வந்த இருவர், "அந்தப் பிள்ளை இனி அந்த வீட்டுக்குப் போகக்கூடாது, அக்கா" என்று பேசிக்கொள்வாராயின், அப்பிள்ளை உறவினர் வீட்டுப் பிள்ளையா நாடகத்துப் பிள்ளையா என்பதை அருகில் நிற்பவர் உடனே அறிய இயலாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டிருந்த காலத்தும், விடுபட்ட கதையை வெளிநாட்டிலிருந்த உறவினரிடம் தொலைபேசியிற் கேட்டறிந்தோர் உளர்.

இவ்வீடுபாடு அறியாமையின் பாற்பட்டதா? இது நம் காலத்திற் புதிதாகத் தோன்றியதா? இதனைத் தூண்டும் நாடகங்கள் இதற்குத் தக்க கைம்மாறு செய்கின்றனவா? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிவழி வந்த ஈடுபாடு

கற்பனை மாந்தர்க்காக மக்கள் கண்ணீர் வடித்தல் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. யாழ்ப்பாணத்திலும் பிறவிடங்களிலும் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாகத் தோன்றிய "மயான காண்டம்" நாடகத்தைக் கண்டோர், சந்திரமதி மகனைச் சுமந்து சுடலைக்கு வரும் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் அழுதனர். கதை எவ்வாறு முடியும் என்பதை அவர்கள் முன்னரே அறிவர். பலர் அந்நாடகத்தை முன்னரே பலமுறை கண்டவர்கள். ஆகவே, அடுத்து என்ன நிகழும் என்ற ஆவல் அக்கண்ணீருக்குக் காரணமாகாது. மெய்ம்மைக்காக மனைவியையும் மகனையும் விற்ற ஒருவனோடு அவர்கள் கொண்டிருந்த உறவே காரணமாகும்.

மட்டக்களப்புப் பகுதியிற் கண்ணகி கோயில்களில் வைகாசி மாதத்தில் நிகழும் சடங்கு இதனினும் ஆழமானது. ஆண்டு முழுவதும் அடைத்திருக்கும் கதவு திறக்கப்படும். "கண்ணகி வழக்குரை" நாட்கணக்கிற் பாடப்படும். கணவனை இழந்த ஒருத்தியின் துயரையும் சினத்தையும் ஊரார் கூடியிருந்து கேட்பர். இறுதியிற் குளிர்த்தி பாடி அவள் சினத்தைத் தணித்தபின்னர்க் கதவு அடைக்கப்படும். ஒரு காப்பிய மாந்தரின் கொதிப்பை ஆற்றுதல் தம் கடமையென்று ஓர் ஊரே கொண்டிருப்பதை ஈண்டுக் காண்கின்றோம். அவள் தெய்வமாயினள் என்பது உண்மையே. ஆயினும், அத்தெய்வத்தின் வரலாற்றை ஊரார் ஒரு பெண்ணின் வரலாறாகவே கேட்டு உருகுகின்றனர்.

மேனாட்டு வரலாறும் இதனையே காட்டுகின்றது. ஆங்கில நாவலாசிரியர் ரிச்சாட்சன் தம் "கிளரிசா" என்னும் நாவலை 1747, 1748ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, கதைத்தலைவியைச் சாகவிடாது காக்குமாறு வாசகர் அவர்க்கு எழுதி வேண்டினர். அவர் இணங்கவில்லை. கொனன் டொயில் 1893ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான கதையிலே துப்பறியும் ஷெர்லொக் ஹோம்சை இறந்தவனாகக் காட்டினார். வாசகர் ஆற்றாமை பொறுக்கவியலாததாகவே, 1903ஆம் ஆண்டில் அவன் இறக்கவில்லை என்று கதை புனைந்து மீட்டுக்கொணர்ந்தார். அயல்நாடாகிய இந்தியாவிலே 1984, 1985ஆம் ஆண்டுகளில் தூரதர்சன் ஒளிபரப்பிய "ஹம் லோக்" என்னும் இந்தித் தொடருக்குக் காண்போரிடமிருந்து இலட்சக்கணக்கான கடிதங்கள் வந்தன. 1983ஆம் ஆண்டு யப்பானிற் பிறந்த "ஒஷின்" தொடர் ரூபவாஹினி வாயிலாக நம் நாட்டிற்கும் வந்து, மொழி கடந்து, வறுமையிற் பிறந்த அச்சிறுமியை வீட்டுப் பிள்ளையாக்கிற்று.

நம் வானொலிக்கும் இதிற் பங்குண்டு. சானா என வழங்கப்பட்ட சண்முகநாதன் அவர்களின் "லண்டன் கந்தையா"வும், சில்லையூர் செல்வராசனின் "தணியாத தாகம்" முதலியனவும் இலங்கை வானொலியில் நிகழ்ந்த காலத்திற் குரல் ஒன்றே மாந்தரை உருவாக்கிற்று. முகத்தைக் காணாமலே கேட்போர் கந்தையாவை அறிந்திருந்தனர். கருவி மாறியும் ஈடுபாடு மாறவில்லை என்பது இவற்றாற் பெறப்படும்.

மெய்ப்பாட்டியல் காட்டும் நெறி

உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுதலை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதனை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு நிலைக்களன் காட்டியது தொல்காப்பியம். உரையாசிரியர் பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த உணர்வு, மனத்திலே தோன்றும் குறிப்பு, உடலிற் புறப்படும் விறல் எனச் சுவையை நான்கு நிலைகளாகப் பகுத்து விளக்குவர். இப்பகுப்பைக் கொண்டு தொடர்நாடகங்களை நோக்குமிடத்து, அவற்றின் ஆற்றல் எங்கிருந்து வருகின்றதென்பது தெளிவாகும்.

அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கு. பிறரால் இகழப்படுதல், உயிரையோ உறவையோ பொருளையோ இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தளர்தல், வறுமையுறுதல் என அவற்றை நம் வழக்கிற் கூறலாம். "மெட்டி ஒலி"யிலே ஐந்து பெண்மக்களைப் பெற்ற சிதம்பரம் என்னும் தந்தையிடம் இந்நான்கும் ஒருங்கே வந்து கூடுகின்றன. சம்பந்தி வீட்டாரின் முன் தலைகுனிந்து நிற்றல் இகழ்ச்சி. மகளைக் கொடுத்தபின் அவள் வாழ்வின்மேல் உரிமையற்றுப் போதல் இழப்பு. ஒருத்தியின் துயர் தீருமுன் மற்றொருத்தியின் துயர் வந்து அவர் உடலைத் தளர்த்துதல் அசைவு. சீருக்கும் சிறப்புக்கும் கையிற் பொருளின்மை வறுமை. திருமுருகன் இயக்கிய அத்தொடரில் அத்தந்தையின் மௌனத்தைக் கண்டு அழுதவர்களுட் பலர் பெண்மக்களைப் பெற்ற ஆடவர். தொடர்நாடகம் பெண்டிர்க்கே உரியது என்பாரின் கூற்றை இஃது ஒன்றே மறுக்கும்.

வெகுளிக்குக் கூறப்பட்ட நான்கனுள் ஒன்று, வைதலும் அடித்தலுமாகிய அலைத்தல். மற்றொன்று, தன்னைச் சார்ந்த குடிக்கு நேரும் கேடு. சரோஜாவின் கணவன் மாணிக்கம் அவளை நடத்திய முறை காண்போரிடம் எழுப்பிய சினம் இவ்விரண்டின் வழி வந்தது. பெருமிதத்திற்குக் கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையும் நிலைக்களனாம். "கோலங்கள்" தொடரிலே குடும்பச் சுமையைத் தலையில் ஏற்று, கணவனைப் பிரிந்து, கட்டடத் தொழிலில் நிமிர்ந்துநின்ற அபியிடம் காண்போர் கண்டது இப்பெருமிதமே. அத்தொடரில் அவளுக்கு உற்ற துணையாக வரும் நண்பனுக்குத் தொல்காப்பியன் என்றே பெயர் வைத்திருந்தார் இயக்குநர் திருச்செல்வம். தாமே அப்பாத்திரத்தை நடிக்கவுஞ் செய்தார்.

அவர் இயக்கிய "எதிர்நீச்சல்" இவ்வாராய்ச்சிக்கு மிகவும் உதவுவது. கற்ற பெண்களை மருமக்களாகக் கொண்டுவந்து, அவர்களை அடுக்களைக்குள்ளே அடைத்துவைக்கும் ஆதிமுத்து குணசேகரன் என்னும் மூத்தவனைச் சுற்றியது அக்கதை. ஜி. மாரிமுத்து அப்பாத்திரத்தை ஏற்றார். குணசேகரன் கொடியவன் என்பதிற் காண்போர்க்கு ஐயமில்லை. ஆயினும் அவன் பேசத் தொடங்கியதும் சிரித்தனர். எள்ளலும் பேதைமையும் நகைக்கு நிலைக்களன் என்று இலக்கணம் கூறியதன் பொருத்தம் ஈண்டு விளங்கும். தன் அதிகாரம் தேய்வதைத் தானே உணராத ஒருவனின் பேதைமையைக் கண்டு அவர்கள் சிரித்தனர். தம் வீடுகளில் எதிர்த்துப் பேசவியலாத ஒரு குரலைத் திரையிலே கண்டு நகைக்க முடிந்தமை, அச்சிரிப்பிற்கு இன்னும் ஒரு சுவை சேர்த்தது.

காண்போர் பாத்திரத்தையும் நடிகரையும் ஒன்றாக மயங்குகின்றனர் என்ற குற்றச்சாட்டுக்கும் இத்தொடர் விடை தருகின்றது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி மாரிமுத்து மாரடைப்பால் மறைந்தார். மாதக்கணக்கிற் குணசேகரனைத் திட்டியவர்களே அவரது மறைவுக்கு வருந்தினர். கொடியவன் ஒழிந்தான் என்று எவரும் மகிழவில்லை. நடித்தவர் வேறு, நடிக்கப்பட்டவன் வேறு என்பதை அவர்கள் ஆசிரியரின்றியே அறிந்திருந்தனர். பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றபோது, "இவரும் நன்றாகத்தான் செய்கிறார், ஆனால் இது வேறொரு குணசேகரன்" என்று எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் கூறினார். ஒரு பாத்திரம் எழுத்தினால் மட்டும் ஆவதன்று, நடிப்போரின் மெய்யாலும் குரலாலும் ஆவது என்னும் நாடகக் கொள்கையை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

உரையாடலின் பயன்

பிளேட்டோ தம் "குடியரசு" நூலின் பத்தாம் பகுதியில், பிறர் துயரைக் கண்டு அழுதற்கு உள்ளத்தைப் பழக்குவோர் தம் துயர் வரும்போது உறுதி இழப்பர் என்று எச்சரித்தார். அரிஸ்டோட்டில் அதற்கு மாறாக, அவலத்தைக் காணுதலால் இரக்கமும் அச்சமும் தூய்மையுறும் என்றார். இருவர் கூற்றும் தனியே இருந்து அழும் ஒருவரைக் கருத்திற் கொண்டவைபோலத் தோன்றுகின்றன. நம் தொடர்நாடகங்களைக் காண்போர் தனியே காண்பதிலர். கண்டபின் பேசாது விடுவதுமிலர். ஆதலின் அப்பேச்சையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

1956ஆம் ஆண்டில் ஹோட்டன், வோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோரோடு காண்போர் கொள்ளும் பழக்கத்தை ஒருபுறமாக நிகழும் உறவு என விளக்கினர். நாம் அவரை அறிவோம், அவர் நம்மை அறியார் என்பது அதன் பொருள். ஒருதலையுறவுக்குக் கைக்கிளை என்று பெயரிட்டு அகத்திணைகளோடு வைத்து எண்ணிய நமக்கு இக்கருத்துப் புதிதன்று. ஆனால் ஒருதலையாக நிற்பது காண்போர்க்கும் பாத்திரத்துக்கும் இடையிலான உறவு மாத்திரமே. அப்பாத்திரத்தைக் குறித்துத் தமக்குள்ளே பேசுவோரிடையே பிறக்கும் உறவு இருதலைப்பட்டது. அபி நம்மை அறியாள். அபியைப் பற்றி நம்மோடு பேசும் அயலவர் நம்மை அறிவார்.

கொழும்புத் தமிழரின் வாழ்க்கை நிலை இப்பேச்சுக்கு ஒரு தனி இன்றியமையாமையைத் தந்தது. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திற்குப் பின்னரும், போர் நிகழ்ந்த ஆண்டுகளிலும் குடும்பங்கள் சிதறின. முற்றம் வைத்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வந்து குடியமர்ந்தனர். ஒரு மகன் டொரன்ரோவிலும் ஒரு மகள் இலண்டனிலுமாகப் பெற்றோர் இங்கே தனித்திருந்தனர். அடுத்த கதவுக்கு உரியவரோ வேறூரிலிருந்து வந்தவர். அவரிடம் தம் வீட்டுத் துன்பத்தைக் கூறுதல் எளிதன்று. மருமகன் குடிக்கிறான் என்றோ, மூத்த மகளுக்குச் சீதனம் கொடுக்க முடியவில்லை என்றோ முன்பின் அறியாதவரிடம் எங்ஙனம் கூறுவது? சரோஜாவைப் பற்றிக் கூறலாம். "அவள் ஏன் உதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்?" என்று கேட்பவர் தம் மகளை எண்ணிக் கேட்கலாம். "பொறுக்காமல் எங்கே போறது?" என்று விடையிறுப்பவர் தம்மையே எண்ணி விடையிறுக்கலாம். இருவரும் அதனை அறிவர். இருவரும் அதனைச் சொல்வதில்லை. அந்நாகரிகத்தை அவர்களுக்கு உதவியது நாடகம்.

ஒல்லாந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரான இயென் ஆங் என்னும் பெண்மணி, "டலஸ்" என்னும் அமெரிக்கத் தொடரைக் காண்போர் தமக்கு எழுதிய நாற்பத்திரண்டு கடிதங்களைக்கொண்டு 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அச்செல்வக் குடும்பத்தின் மாளிகையும் எண்ணெய்க் கிணறுகளும் தம் வாழ்விற்கு எட்டாதவை என்பதை அறிந்தும், அம்மாந்தர் கொள்ளும் துயர் உண்மையானது எனக் காண்போர் கருதினர் என்பது அவர் கண்ட முடிபு. புறவுலகு பொய்யாயினும் அகவுணர்ச்சி மெய்யாகலாம். சென்னைத் தொடர்களின் பளபளப்பான மாளிகைகளும், உறங்கும்போதும் அணிந்திருக்கும் பட்டுச்சேலைகளும் கொட்டாஞ்சேனைக் குறுந்தெருவில் வாழ்வோரை ஏமாற்றுவதில்லை. அவற்றைக் கண்டு அவர்கள் சிரிக்கவே செய்கின்றனர். ஏசப்பட்ட ஒருத்தி அடுக்களைச் சுவரோடு சாய்ந்து நிற்கும் நிலையை மாத்திரம் அவர்கள் உண்மையென்று கொள்கின்றனர்.

இப்பேச்சுகளில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு வாக்கியம் உண்டு: "அவள் அப்படிச் செய்யமாட்டாள்." கதை எழுதுவோர் ஒரு பாத்திரத்தை அதன் இயல்புக்கு மாறாகத் திருப்பும்போது காண்போர் கூறும் மறுப்பு இது. அரிஸ்டோட்டில் தம் கவிதையியலிலே பாத்திரத்திற்கு வேண்டிய பண்புகளைக் கூறுமிடத்து, முன்பின் முரணாமை வேண்டும் என்றார். அந்நூலின் பெயரையும் கேட்டறியாத ஒரு மூதாட்டி, ஆயிரம் நாள் ஒரு பாத்திரத்தோடு பழகியதனால் அதே அளவுகோலைத் தாமே கண்டெடுக்கின்றார். ஈடுபாடு அறிவை மயக்கும் என்பர். ஈண்டு ஈடுபாடே அறிவைப் பிறப்பித்தது. பாத்திரத்தை விரும்பாதவர்க்கு அது முரண்பட்டாலென்ன, முரண்படாவிட்டாலென்ன?

முடிவும் முடிவின்மையும்

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். இவ்வளவு ஈடுபாட்டைப் பெற்றுக்கொண்ட தொடர்நாடகங்கள் காண்போர்க்குத் திருப்பித் தந்தது யாது?

குறையும் இங்கேதான் உளது. "மயான காண்டம்" ஓரிரவில் முடியும். கண்ணகியின் கொதிப்பு, சடங்கு முடியுமுன் குளிர்த்தப்படும். "ஒஷின்" பதினைந்து நிமிடப் பகுதிகள் 297 கொண்டு, ஓராண்டில், ஒரு பெண்ணின் சிறுவயது தொடங்கி முதுமைவரை கூறி நிறைவுற்றது. தூரதர்சனின் தொடக்ககாலத் தொடர்கள் பல பதின்மூன்று வாரங்களுக்குள் அடங்கின. "மெட்டி ஒலி"யோ எண்ணூறு பகுதிகளைக் கடந்தது. "கோலங்கள்" 1,533 பகுதிகள் நீண்டது. நெடுமை தானாகக் குற்றமாகாது. நம் இதிகாசங்கள் நெடியன. ஆனால் அவற்றின் நெடுமை முடிவை நோக்கிச் செல்வது. தொடர்நாடகத்தின் நெடுமையோ முடிவை விலக்குதற்கென்றே அமைக்கப்படுகின்றது.

இதற்குக் காரணம் வாணிகம். காண்போர் தொகையை அளவிட்டு, அவ்வளவின்படி விளம்பர நேரம் விற்கப்படுகின்றது. பலர் காணும் தொடரை நிறுத்துதல் ஒளிபரப்புவோர்க்கு இழப்பு. ஆகவே கதை முடியவேண்டிய இடத்தில் முடிவதில்லை. கொடியவன் பிடிபடும் தறுவாயில் ஒரு விபத்து நேரும். உண்மையைக் கூற வாயெடுப்பவள் மயங்கி வீழ்வாள். ஒரே அதிர்ச்சியை ஐந்து முகங்களில் முறையே காட்டி, இசையை மும்முறை இரட்டித்து, அரை நிமிடச் செய்தியை ஒரு மாலைப்பொழுதாக நீட்டுவர். இதனால் விளையும் கேடு காலவிரயம் ஒன்றேயன்று. சினம் தணியவேண்டிய இடத்தில் தணியாமலும், அழுகை ஆறவேண்டிய இடத்தில் ஆறாமலும் நின்றுவிடுகின்றன. பேராசிரியர் காட்டிய நான்கு நிலைகளும் நிகழ்ந்தபின், சுவை அடங்கி உள்ளம் தெளிவதற்குரிய இடமே இல்லாமற் போகின்றது.

முடிவை ஒத்திப்போடுவதற்காகப் பாத்திரங்களின் இயல்பையும் சிதைக்கின்றனர். நேற்றுத் துணிந்து வீட்டைவிட்டு வெளியேறியவள் காரணமின்றி இன்று திரும்பி வருவாள். அறிவுடையவள் ஒரு சிறு சூழ்ச்சியை அறியாதவளாவாள். "அவள் அப்படிச் செய்யமாட்டாள்" என்று காண்போர் கூறுவது இத்தகைய இடங்களிலேயே. அவர்கள் அம்மறுப்பைக் கூறியும் மறுநாள் பார்க்கின்றனர் என்று நகைப்போர் உளர். வழிதவறிய பிள்ளையைப் பெற்றோர் கைவிடுவதில்லை. நெடுநாள் பழகிய பாத்திரத்தையும் மக்கள் அவ்வாறே கைவிடார். இப்பற்றுறுதியை முதலாகக் கொண்டு வாணிகம் செய்தல் அறமாகுமா என்பதே திறனாய்வாளர் எழுப்பவேண்டிய வினா. குற்றம் அழுபவரிடம் இல்லை. அழுகையைக் கடனாகப் பெற்று, அதற்கு முடிவு என்னும் கைம்மாறு செய்யாதவரிடம் உளது.

காண்போரின் விருப்பத்திற்கு இணங்குதலே அக்கைம்மாறு எனக் கொள்ளலாகாது. ரிச்சாட்சன் வாசகர் வேண்டுகோளுக்கு இணங்காமலே தம் கதைக்கு ஒரு முடிவைக் கொடுத்தார். அம்முடிவிற்காக அழுத வாசகர் அதனை மதித்தனர். கொனன் டொயில் இணங்கினார். ஹோம்ஸ் மீண்டான், ஆனால் அவன் மறைவிற்காக வாசகர் பட்ட துயர் பொருளற்றதாயிற்று. 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய "கியூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ" என்னும் இந்தித் தொடரிலும் இறந்த மிஹிர் என்பவன் மக்கள் வற்புறுத்தலால் மீட்டெடுக்கப்பட்டான். "எதிர்நீச்சல்" 2024இல் முடிந்து, அவ்வாண்டின் இறுதியிலேயே இரண்டாம் பாகமாக மீண்டும் தொடங்கிற்று. சாவும் முடிவும் மீளப்பெறக்கூடியன என்றாகுமிடத்து, அவற்றைக் கண்டு கொள்ளும் மெய்ப்பாடும் படிப்படியாக ஆழங் குறையும்.

நமக்குரிய நாடகம்

நம் நாட்டவர்க்கு மேலும் ஒரு குறை உண்டு. இக்கதைகள் நமக்காக எழுதப்பட்டவையல்ல. கதையின் ஊர் மதுரையாகவோ சென்னையாகவோ இருக்கும். பேச்சு அவ்வூர்ப் பேச்சு. அது குற்றமன்று. கலைக்கு எல்லை வகுத்தல் இக்கட்டுரையின் நோக்கமுமன்று. ஆனால், நாம் நாள்தோறும் ஈடுபடும் மாந்தர் எவரும் விசாவுக்காகக் காத்திருப்பதில்லை. காணாமற்போன தம்பியின் படத்தைச் சுவரிலே மாட்டுவதா விடுவதா என்று கலங்குவதில்லை. மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனைக் கடையொன்றிலே வேலைசெய்து, மாத முடிவில் தோட்டத்துத் தாய்க்குப் பணம் அனுப்புவதில்லை. நம் துயருள் மாமியார்க்கும் மருமகட்கும் உரிய பங்கினையே அக்கதைகள் தாங்கும். எஞ்சிய துயர் பேசப்படாமல் நின்றுவிடுகின்றது.

"லண்டன் கந்தையா"வைக் கேட்டவர்கள் தம் சொந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தனர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட "நானாடகம்" முதலாய நாடகங்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை அரங்குக்குரியதாக்கினார். அதற்கு முன்னரே, 1926இல், சுவாமி விபுலாநந்தர் "மதங்க சூளாமணி"யிலே சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழரின் நாடக மரபோடு ஒப்புநோக்கி ஆராய்ந்தார். பிறநாட்டுக் கலையைக் கற்று நம் மரபின் வழியே அளந்தறியும் அந்நெறி தொலைக்காட்சிக்கும் பொருந்துவது. நம் ஒலிபரப்பாளரும் எழுத்தாளரும் கூடி, முப்பது பகுதிகளில் முடிவுறும் ஒரு கதையை, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலே நிகழ்வதாக, நம் பேச்சிலே எழுதுவாராயின், அதன் மாந்தர்க்கு இடங்கொடுக்க இவ்வூர் மக்களின் உள்ளம் ஆயத்தமாகவே உளது. ஆயிரத்து ஐந்நூறு நாள் ஒருத்தியின் துயரைப் பொறுமையோடு கேட்டவர்கள் முப்பது நாள் கேளாதிருப்பரோ?

ஆசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. கம்பன் காட்டும் கைகேயியின் மனமாற்றத்தை உயர்தர வகுப்பிற் கற்பிக்கும்போது, மாணவர் சிலர் வாய்திறப்பதில்லை. முதல்நாளிரவு கண்ட தொடரிலே ஒருத்தி ஏன் அவ்வாறு செய்தாள் என்று கேட்டால், அவர்களே காரணமும் மறுப்பும் எடுத்துக்காட்டும் கூறித் தருக்கம் புரிகின்றனர். அத்தருக்கத்தை இடையில் நிறுத்தாமற் சற்று நேரம் நடக்கவிட்டு, பின்னர்க் கைகேயியிடம் அழைத்துச் செல்லலாம். மந்தரை பேசுமுன் அவள் எத்தகையவள், பேசியபின் எத்தகையவள், அம்மாற்றத்திற்குக் கவி என்ன ஏது காட்டினான் என்று அவர்கள் தாமே வினவத் தொடங்குவர். ஒரு பாத்திரத்தை விரும்பியோ வெறுத்தோ அறியாத மாணவனுக்குப் பாத்திரப் பண்பு என்பது பரீட்சைக்கு மனனஞ்செய்யும் ஐந்து குறிப்புகளே. விரும்பவும் வெறுக்கவும் அறிந்த மாணவன் நம் வகுப்பிற்கு வருமுன்னரே பாதித் தூரம் நடந்து வந்துவிடுகின்றான்.

சுருங்கக் கூறின், தொடர்நாடக மாந்தர்மேல் மக்கள் கொள்ளும் ஈடுபாடு நம் மரபில் வேரூன்றியது. மெய்ப்பாட்டு நெறிக்கு இயைந்தது. சிதறிவாழும் ஒரு சமூகத்திற்குத் தன் துயரை நாகரிகமாகப் பேசுதற்கு வழியாயிருப்பது. அதனைத் தூண்டும் நாடகங்களோ முடிவென்னும் கடனைச் செலுத்தாது காலம் கடத்துகின்றன. ஆகவே, கற்றோர் தம் கண்டனத்தை அழுகின்ற தாயிடமிருந்து விலக்கி, அவளை அழவைத்து ஆறுதல் தராத கதையின்மேற் செலுத்துவாராக. அத்தாய் "அவள் அப்படிச் செய்யமாட்டாள்" என்று கூறும்போது, அக்கூற்றைத் திறனாய்வுரையாகவே ஏற்று, காரணம் யாதென்று அவரிடமே கேட்டறிவாராக.